பவுலின் கொண்டுபோன பேட்டரி

கரண்ட் போனால் எல்லோரும் வேலையை நிறுத்துவார்கள். பவுலினுக்கு அப்போதுதான் வேலை தொடங்கும். ஆடுகோடியில் கணேசமூர்த்தி நடத்திய இன்வெர்ட்டர் கடையில், புகார்கள் வருகிற டெலிபோன் அவள் மேசையில்தான் இருந்தது. பெங்களூரில் கோடை வந்தால் பட்டப்பகலில் மணிக்கணக்காக மின்சாரம் நின்றுபோகும் காலம் அது. தமிழில் பேசினால் தமிழ், கன்னடத்தில் பேசினால் கன்னடம், சிவாஜி நகர்க்காரர்களோடு உருது என்று மாறி மாறிப் பேசுவாள். இஸ்திரிப் பெட்டியைச் செருகிவிட்டு இன்வெர்ட்டரைத் திட்டுகிறவர்களிடமும் அவள் குரல் உயராது.

பிரேசர் டவுனிலிருந்து ரெமிஜியஸ் என்ற கணக்கு வாத்தியார் அடிக்கடி கூப்பிடுவார். அவருடைய அப்பாவுக்கு நுரையீரல் கெட்டிருந்தது. வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் ஓடியது. கரண்ட் போனால் அந்த மெஷினுக்கு இன்வெர்ட்டர்தான் கதி.

ஒரு மே மாத மதியம். காற்றும் மழையும் அடித்து, பிரேசர் டவுனில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தது. ரெமிஜியஸ் கூப்பிட்டார்.

"மேடம், பேட்டரில சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது. மாத்து சிலிண்டர்லயும் ஆக்சிஜன் கொஞ்சந்தான் இருக்கு. ஆம்புலன்ஸ் வர லேட் ஆகுமாம், ரோடெல்லாம் தண்ணி."

மெக்கானிக்குகள் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். கணேசமூர்த்தி வைட்ஃபீல்டு நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். கடைக்கு வெளிச்சம் தந்துகொண்டிருந்த பேட்டரி மட்டும் முழுச் சார்ஜில் இருந்தது. முதலாளிக்கு போன் செய்து கேட்டாள். "எடுத்துட்டுப் போம்மா, அப்புறம் பேசலாம்" என்றார். அவள் பேட்டரியைக் கழற்றினாள், கடை இருண்டது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் அதைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். அது சாயாமல் வழி முழுக்க இரு கைகளாலும் பிடித்துக்கொண்டே போனாள். ஒரு பள்ளத்தில் ஆட்டோ குதித்ததில் ஆசிட் தெறித்துப் புடவையில் பட்டது.

வீட்டில் அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரரும் ரெமிஜியஸும் பேட்டரியை உள்ளே இறக்கினார்கள். இத்தனை வருடம் பிறருக்குப் போனில் வழி சொன்னவள், அன்று கடை மெக்கானிக் தினேஷுக்குப் போன் செய்து அவன் சொல்லச் சொல்லக் கேட்டு, ஒயர்களை மாட்டினாள்.

"சிவப்பு சிவப்புல, கறுப்பு கறுப்புல. ஸ்பேனரை ரெண்டு முனை மேலயும் சேர்த்து வெச்சிடாதீங்கக்கா" என்றான் தினேஷ்.

மெஷின் ஓடத் தொடங்கியது. பெரியவரால் பேச முடியவில்லை. பவுலின் நிற்பதைப் பார்த்து, நாற்காலியைச் சுட்டிக் காட்டினார்.

அடுத்த மாதமும் ரெமிஜியஸ் கூப்பிட்டார். வழக்கம்போல, இன்வெர்ட்டரில் எந்த விளக்கு எரிகிறது என்று கேட்டாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்பா உங்களைக் கேட்டார். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர முடியுமா?"

போனாள். பிறகு பல ஞாயிறுகள் போனாள். பெரியவர் தம் சிவப்புக் கல் மோதிரத்தை அவள் கையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். மறு வருடம் ரெமிஜியஸுக்கும் பவுலினுக்கும் கல்யாணம் நடந்தது.

இப்போது மகள் ஷில்பா வைட்ஃபீல்டில் அடுக்ககத்தில் இருக்கிறாள். போன வாரம் பவுலினும் ரெமிஜியஸும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. விளக்கு ஒரு முறை சிமிட்டியது; ஜெனரேட்டர் ஏற்றுக்கொண்டது. ஷில்பா பேச்சை நிறுத்தவேயில்லை. முன்பெல்லாம் இந்நேரம் தெருவே வாசலுக்கு வந்து 'உங்க வீட்லயும் போச்சா?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது பவுலினுக்கு நினைவு வந்தது. அந்தக் குரல்கள் எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றனவோ என்று நினைத்தாள்.

"என்ன யோசனை?" என்று கேட்டார் ரெமிஜியஸ்.

"யாரும் பயப்படல பாருங்க. நல்லதுதான்" என்றாள். ஆனாலும் சாப்பிட்டு முடிகிறவரை அவள் மனம் அங்கே இல்லை.