வாத்துப் பாறைக்கு வடக்கே

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் படகுத்துறைப் பலகையில் எழுதிப் போட்டால், நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் கடல் இறங்கியே போயிருக்கும். இது கிளெம் ட்ரிஸ்காலுக்கு எப்படித் தெரிந்ததோ. நான் பலகை முன் நின்றால் பக்கத்தில் வந்து, தனக்காகப் படிப்பதுபோலச் சத்தமாகப் படிப்பார். என் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவார்.

தாஸ்மேனியாவின் தெற்கே எங்கள் ஹுவோன் கழிமுகத்தில் அவர் கட்டிய படகுகள் முப்பதுக்கு மேல். கட்டாத நாளில் பாய் விரித்துப் போவார். போகாத நாளில் எழுதுவார். எந்தக் குடாவில் எப்படி நுழைவது, எங்கே நங்கூரம் போடுவது என்று அவர் எழுதிய புத்தகம் இந்தக் கரையில் பாதிப் படகுகளில் கிடந்தது.

அதில் ஒரு வரி தவறு. கடல் பாதி ஏறினாலே, நீருக்கடியில் கிடக்கும் வாத்துப் பாறைமேல் கடந்துவிடலாம் என்று எழுதியிருந்தார். அவர் படகுக்கு அது சரி. அடியில் நீருக்குள் நீட்டி நிற்கும் பலகையைக் கயிற்றால் மேலே தூக்கிக்கொள்வார். மற்றவர்கள் படகில் அடிக்கட்டை ஆளுயரத்துக்கு இறங்கி நிற்கும், தூக்க முடியாது. தன் படகை வைத்தே கடலை அளந்துவிட்டார். அந்த வரியை நம்பி வந்த பெவர்லி கோட்ரெல்லின் படகு பாறையில் பிளந்தது. அவள் பிழைத்தாள், ஒரு கால் போயிற்று.

அதற்குப் பிறகு கிளெம் படகு கட்டவில்லை. இன்னொருவர் அங்கே மோதக் கூடாது என்று குடா குடாவாகப் போய், ஒவ்வொரு புத்தகத்திலும் அந்த வரியை அடித்துத் தன் கையால் திருத்தினார்.

"கிளெம், எங்க வீட்டு ஜெபப் புத்தகத்தையும் கொண்டாறேன், அதையும் திருத்திருங்க" என்பான் நண்டு பிடிக்கிற ராய்ஸ்.

"அதை எழுதினவரு என்னை மாதிரி அளக்கலப்பா."

என் சூப்புக் கடையில் வந்து உட்கார்ந்தால் கரண்டியைப் பிடித்தபடியே தூங்கிவிடுவார்.

"புதுசா அச்சடிச்சா ஆகாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பழசுதானே படகுல இருக்கும், மெர்ல். அவசரத்துக்கு அதைத்தானே எடுப்பாங்க."

பதினோரு வருஷம் அப்படியே போயிற்று. ஞாயிறுதோறும் கோயிலில் அவருக்காக மண்டியிட்டேன். ஓய்வு கொடும் ஆண்டவரே என்றுதான் கேட்க வந்தது. கண் மங்கி அவர் படுத்தபோது அச்சடித்ததில் ஆறு புத்தகங்கள் மட்டும் திருத்த அகப்படாமல் இருந்தன. அந்த வாரம் என் கடையில் யாரோ ஒன்றை மறந்துவிட்டுப் போனார்கள். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பேனா அவர் விரலில் நிற்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், ஒவ்வொரு எழுத்தாக: பாறைமேல் வராதே, வடக்கே சுற்றி வா. படித்துக் காட்டச் சொன்னார். திக்கித் திக்கிப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

நான் எழுந்தபோது சொன்னார்: "இன்னும் அஞ்சு வெளியில இருக்கு, மெர்ல். படகுக்காரங்க கடைக்கு வந்தா இதை எடுத்துச் சத்தமா படி. அவங்களுக்குன்னு காட்டிக்காத. உனக்குப் படிக்கிற மாதிரி படி."