வரப்புக்குப் போன்னு விரட்டினவள்

எனக்கு எழுத்து கோணலாத்தான் வரும், மன்னிக்கணும். அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். இப்ப மறதியும் சேர்ந்துக்கிச்சு. ஆனா இதை எழுதாம இருக்க முடியல. மூணு நாளா இதே நினைப்புதான்.

வேப்பம்பட்டுல எங்க தெருவுல ஒரு ரிட்டையர்டு டீச்சரம்மா இருக்காங்க. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அவங்க மாடியில பொம்பளைங்க ஏழெட்டுப் பேர் கூடுவோம். அவங்க ஒரு சிறுகதையைச் சத்தமாப் படிப்பாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரும் ரெண்டு விஷயம் சொல்லணும். கதையில வர்றவ எப்படிப்பட்ட ஆளு? கதை இன்னா சொல்லுது? வாயைத் திறக்காதவங்க அடுத்த வாரம் எல்லாருக்கும் சுண்டல் செஞ்சு எடுத்துக்கினு வரணும். இதான் சட்டம்.

நான் சேர்ந்த நாள்லேர்ந்து சுண்டல் என்னுதுதான். நாலு பேர் எதிரே பேசணும்னா எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கும். "போங்க அத்தை, ஊட்டுலயே குந்திக்கினு இருக்காதீங்க"ன்னு தள்ளி அனுப்புற மருமகளே, சனிக்கிழமை ராத்திரி கேக்காமலே கொண்டைக்கடலையை ஊற வச்சிடுவா.

போன ஞாயித்துக்கிழமை படிச்சது ஒரு நடவுக் கதை. கழனிக்காரம்மா ஒருத்தி வரிசையா நடுற பொம்பளைங்களுக்குக் கஞ்சி எடுத்துக்கினு வர்றா. அதுல ஒருத்தி மட்டும் கஞ்சியைத் தொடல. உடனே அந்தம்மா, "இன்னாடி கோணல்மாணலா நடுற? எழுந்து வரப்புக்குப் போ! நாத்து முடியை எடுத்துப் போடு, அதுக்குத்தான் நீ லாயக்கு"ன்னு எல்லார் முன்னாலயும் கத்துறா. சாயந்திரம் எல்லாரும் கிளம்புறப்போ, "நாளைக்கும் நீ வரப்புலதான்"ன்னு சொல்றா. அவ்ளோதான் கதை. (முடின்னா நாத்துக்கட்டு.)

"திமிரு பிடிச்சவ"ன்னாங்க மொத ஆளு. "ஏழையை அவமானப்படுத்துறவ"ன்னாங்க இன்னொருத்தங்க. அடுக்குமாடியில குடியிருக்கிற பொண்ணு, "அடுத்த நாளும் பனிஷ்மென்ட்டா, எவ்ளோ கொழுப்பு பாருங்க"ன்னா. எல்லாரும் ஒரே பேச்சு. டீச்சரம்மாவும் நோட்டுல "கொடுமைக்காரி"ன்னு எழுதப் போனாங்க.

கழனிக்காரம்மா அப்படிப்பட்டவ இல்ல. எனக்குத் தெரியுது, ஆனா வார்த்தை வரல. எழுதிட்டா அவ கொடுமைக்காரியாவே ஆயிடுவாளேன்னு ஒரு பதைப்பு.

"எழுதாதீங்க டீச்சர்"னேன். என் குரலா அதுன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

பக்கத்துல இருந்தவங்க, "அய்யய்யோ, ஆயா வாயைத் திறந்துடுச்சு, நமக்கு சுண்டல் போச்சு"ன்னு சிரிச்சாங்க. நான் நிறுத்தல. நிறுத்தினா அப்புறம் வராது.

"நடத் தெரியாதவள யாராவது நாளைக்கும் வாடின்னு கூப்புடுவாங்களா? ஊட்டுக்குத்தானே அனுப்புவாங்க? நடவுன்னா காலையிலேர்ந்து சேத்துல குனிஞ்சது குனிஞ்சபடி பின்னால நகர்ந்துக்கினே போகணும். வரப்புல நின்னு முடி போடுறவ அப்படிக் குனிஞ்சுக்கினே இருக்க வேணாம். அவ கஞ்சியை ஏன் தொடல? குமட்டுது. முழுகாம இருக்கா. மூணு மாசம் ஆவறதுக்குள்ள யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. கழனிக்காரம்மா கண்டுபிடிச்சிட்டா. எல்லார் முன்னாலயும் அதைச் சொல்ல முடியுமா? அதான் திட்டுற மாதிரி திட்டி மேல ஏத்திட்டா."

டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கினு பக்கத்தைத் திருப்பினாங்க. ஆரம்பத்துலயே ஒரு வரி இருக்குதாம், நடுறப்போ அந்தக் கஞ்சி தொடாதவ ஒரு கையால இடுப்பைப் பிடிச்சுக்கினா, கழனிக்காரம்மா அதையே பார்த்துக்கினு நின்னான்னு. அதைப் படிச்சதும் அடுக்குமாடிப் பொண்ணு "ஆமாம் ஆயா!"ன்னு கத்தி எழுந்துட்டா. "அப்போ கதை இன்னா சொல்லுது ஆயா?"

"அவ இன்னா பேசினாங்கிறதை வச்சு எழுதாதீங்க, இன்னா செஞ்சாங்கிறதைப் பாருங்கன்னு சொல்லுது"ன்னேன். டீச்சரம்மா நோட்டுல அதையே எழுதிக்கினாங்க.

ஆனா ஒண்ணை அங்க சொல்லல. மாடிப்படி இறங்குறப்போதான் எனக்கே உறைச்சுது. கல்யாணமான புதுசுல ஊத்துக்கோட்டைப் பக்கம் கழனியில என்னையும் ஒரு கழனிக்காரம்மா இப்படித்தான் விரட்டினாங்க, அதே மாதிரி வரப்புக்கு. அதுக்கு முன்னால ஒண்ணு தங்கல எனக்கு. அப்ப ரெண்டாவது, ரெண்டு மாசம், ஊட்டுக்காரருக்குக்கூட சொல்லல. அவமானமாப் போச்சுன்னு அந்த நடவோட அவங்க கழனிக்குப் போறதையே விட்டுட்டேன். அப்புறம் ஒருவாட்டி சந்தையில எதிரே வந்தாங்க, "நல்லா இருக்கியா"ன்னு கேட்டாங்க. மூஞ்சைத் திருப்பிக்கினு போனேன். இடுப்புல புள்ளை இருந்துச்சு. அவங்க அதைத்தான் பார்த்தாங்க.

அந்தப் புள்ளைதான் இப்ப கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில வேலை செய்றான். ஷிப்ட் முடிஞ்சு வந்தவனை உக்கார வச்சு எல்லாம் சொன்னேன். "அந்தம்மா இருக்காங்களாம்மா?"ன்னான். எனக்குத் தெரியல. கதையைப் புரிஞ்சுக்கினதுல குதிக்கணும் போல இருக்கு, சந்தையில மூஞ்சைத் திருப்பினது நினைப்பு வந்தா அழுகையும் வருது. ரெண்டும் சேர்ந்தேதான் வருது.

கதையை ஞாபகத்துலேர்ந்து எழுதினேன். தப்பு இருந்தா டீச்சரம்மா திருத்தட்டும். இன்னொண்ணையும் யாராவது சரி பார்க்கணும். என்னை வரப்புக்கு விரட்டின அன்னிக்கு வரிசையில என் பக்கத்துல நின்னு நட்டவ இன்னும் அந்த ஊர்லதான் இருக்காளாம். எப்பவும் முடி போடுற ஆளு அன்னிக்கு வேலைக்கு வரலையா, இல்ல வந்த ஆளை வேற வேலைக்கு அனுப்பிட்டு வேணும்னே அந்த இடத்தை எனக்குக் குடுத்தாங்களா? அவளைக் கேட்டுச் சொல்லுங்க.