பேர்ச்சுவருக்குப் பெயிண்ட் அடித்த ஞாயிறு

பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன். மூக்குக்கு ஆகாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். பொய். புதுப் பெயிண்ட் வாசம் வந்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

ஒரு காலத்தில் பழைய மெதடிஸ்ட் சிற்றாலயங்களைத் தேடிப்போய்ப் படமெடுக்கும் பைத்தியம் எனக்கு. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கான உதிரிபாகக் கடையில் வேலை. ஞாயிறு மட்டும் லீவு. காடு உழுத இந்துக் குடும்பத்தில் பிறந்தவன் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குக் கிளம்பினால் சும்மா விடுவார்களா? "மாப்ள, ஞானஸ்நானம் எப்பங்க?" என்பான் மச்சான்.

வெண்ணந்தூர்ப் பக்கம் நெசவாளர்கள் கும்பிடும் ஓர் ஆலயம். ஓட்டுக்கூரை, பத்து பெஞ்சு, அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஒரு சுவர் முழுக்க நீலத்தில் பெயர்கள். கல்லறைக்குக் கல் வைக்க வசதியில்லாததால், இறந்தவர்களின் பெயரைச் சுவரில் எழுதுவது அங்கே வழக்கம். குழந்தைகளின் பெயர்கள் கீழே. தறி ஓட்டும் ரூத்தம்மா என் கையைப் பிடித்து இழுத்துப்போய், முழங்கால் உயரத்தில் ஒரு பெயரைக் காட்டினார். நாலு வயதில் காய்ச்சலில் போன ஒரே மகள்.

"ஒரு போட்டோகூட இல்லீங்க சாமி. இது ஒண்ணுதான். புடிச்சுக்கோங்க."

கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் காலையிலேயே வேறோர் ஆலயத்தைச் சுற்றிச் சுற்றி எடுத்ததில் கேமரா பேட்டரி தீர்ந்திருந்தது. அன்றைய என் செல்போனில் டார்ச் உண்டு, கேமரா கிடையாது. ஆராதனை முடிந்த கையோடு அத்தனை பேர் ஆவலாக நிற்கும்போது இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்து, நாக்கைத் தட்டி 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுத்தேன். அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்; அன்றைக்கு எடுத்துக்கொண்டால் போச்சு என்ற தைரியம்தான்.

அடுத்த ஞாயிறு வாசலிலேயே அந்த வாசம். உள்ளே போனேன். நாலு சுவரும் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒரு பெயர் இல்லை.

மணியடித்துக் கூட்டிப் பெருக்கும் கோயில்பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க வாரீங்கன்னுதாங்க எல்லாருஞ் சேந்து அடிச்சோம். போட்டோவுல பளிச்சுனு உழோணுமில்லீங்க?"

"பேரெல்லாம்..."

"அதான் போன வாரமே நீங்க புடிச்சுட்டீங்களே! அந்தத் தைரியத்துலதானுங்க அடிச்சோம்."

ரூத்தம்மாவின் விரல்களிலும் வெள்ளை காய்ந்திருந்தது. "எம்புள்ள பேர வேற ஆரும் தொடக்கூடாதுன்னு நானேதான் பூசினேன் சாமி. பெரிசாப் போட்டுக் குடுங்க, ஊட்டுல மாட்டிக்கறேன்."

"சரிங்கம்மா" என்றேன். என்னைவிடக் கோழை யார்?

வீட்டுக்கு வந்து அந்தப் பெயரையாவது எழுதி வைக்கலாமென்று உட்கார்ந்தேன். முழங்கால் உயரம் நினைவிருந்தது, நீலம் நினைவிருந்தது, பெயர் வரவில்லை. படம் வைத்திருப்பவன் போய்ப் பெயரை எப்படிக் கேட்பது? இன்று நாளை என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

போன மாதம் துணிந்து போனேன். பழைய கட்டடம் இல்லை. அந்த இடத்தில் கான்கிரீட் ஆலயம். ரூத்தம்மாவும் இல்லை. ஞானஸ்நானப் புத்தகம் செல்லரித்துப் போனதாம். கோயில்பிள்ளைக்கு மட்டும் என்னை அடையாளம் தெரிந்தது. ரூத்தம்மா மகளின் பெயர் என்னவென்று கேட்டேன்.

"நாங்க பாப்பான்னுதானுங்க கூப்புடுவோம்" என்றார். "பேரு உங்க போட்டோவுல இருக்குமே. பாத்துச் சொல்லுங்க."