இருபத்தொரு புள்ளித் தெரு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, செத்துப்போன தங்கையின் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழு பேரும் இன்று அவரவர் காலில் நிற்கிறார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் தொடங்குவதில்லை. பெருமையா என்றால், ஆமாம், பெருமைதான்.

போன வாரம் குழாய் பதிக்க வந்த ஆட்கள் எங்கள் வாசலோரம் சுண்ணாம்புப் பொடியில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாகத் துடைப்பத்தைத் தேடியது. "அத்த, அது தண்ணி பைப்புக்குப் போட்டது, அழிச்சிடாதீங்க" என்று மருமகள் உள்ளேயிருந்து கத்தினாள். கோடு அழிப்பதில் எனக்கு எத்தனை அனுபவம் என்று அவளுக்கு என்ன தெரியும்!

மாவட்டம் பிரிந்து கலெக்டர் ஆபீஸ் எங்கள் திருவண்ணாமலைக்கே வந்த புதிது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வரும் கூட்டம் ஏறிக்கொண்டே போனது. செங்கம் ரோட்டில் பஸ்கள் நகர முடியாமல் நின்றன. வண்டிகள் ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போக அகலமான சாலை ஒன்று போடுவது என்று முடிவானது. யாரோ ஒருவர் காகிதத்தில் கோடு கிழிக்க, அது வந்து எங்கள் தெருவின் மேல் விழுந்தது.

அளக்க வந்தவர் ஓர் இளவயது ஓவர்சியர். சாயங்காலம் வந்து வாசலுக்கு வாசல் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். காலையில் வழக்கம்போலச் சாணம் கரைத்துத் தெளித்தோம், பெருக்கினோம், கோலம் போட்டோம். கோட்டைக் காணோம். மறுபடி போட்டார். மறுபடியும் காணோம்.

"யாரும்மா அழிச்சது?"

"அழிக்கலப்பா, வாசல் தெளிச்சோம். தெளிக்காத இருக்க முடியுமா? வெள்ளிக்கெழம வேற."

சத்தியமாக முதல் இரண்டு நாள் அப்படித்தான். மூன்றாம் நாள் கொஞ்சம் கூடுதலாகவே தெளித்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர் மேல் கோபம் என்று இல்லை. வெயிலில் நின்ற மனிதருக்கு மோர் கொடுத்ததும் நான்தான். மோரைக் குடித்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, வாசப்படி மட்டுந்தான் போவும். வீடு போவாது" என்றார். அதைக் கேட்டுப் பாதித் தெரு சமாதானம் ஆகிவிட்டது. எனக்கு மட்டும் ஆகவில்லை. என் வீடு மொத்தமே முன்பக்கம் ஓர் அறை, பின்பக்கம் அடுப்படி. முன் அறை போனால் ஏழு பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பேன்?

அவர் கணக்கு தப்பு என்று எனக்குத் தெரிந்தது எப்படி என்றால், அதற்கு எதிர்வீட்டுச் சரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோலத்தில் எனக்குப் போட்டி என்று இந்தத் தெருவில் ஒருத்தி இருந்தாளென்றால் அவள்தான். மார்கழியில் அவள் அந்தப் படியிலிருந்து இருபத்தொரு புள்ளி வைப்பாள். நான் இந்தப் படியிலிருந்து இருபத்தொன்று. நடுவில் ஒரு சைக்கிள் போகத்தான் வழி இருக்கும். ஒரு வருஷம் அவள் இருபத்திரண்டாவது புள்ளியை என் பக்கம் வைத்துவிட்டாள். அதோடு இரண்டு வருஷம் பேச்சு இல்லை. சிரிக்காதீர்கள். அப்போது அது பெரிய விஷயம்.

ஆட்சேபம் சொல்ல எங்களைக் கூப்பிட்ட அன்று கலெக்டர் ஆபீஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தலை நரைத்த அதிகாரி ஒருவர் காகிதக் கட்டைப் பிரித்துப் பார்த்து, "ரெக்கார்டுல தெரு இருபத்தஞ்சு அடி அகலம்" என்றார். நான் எழுந்துவிட்டேன்.

"அவ்ளோ இல்ல சார். இவ இருபத்தொரு புள்ளி, நான் இருபத்தொரு புள்ளி, நடுவுல ஒரு சைக்கிள். அதுக்குமேல தெரு கெடயாது."

"புள்ளின்னா எத்தினி அடிம்மா?"

அவர் மேஜைமேலேயே கையை விரித்து அரைச் சாண் காட்டினேன். அறையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அப்போது பக்கத்திலிருந்து சரோஜாவின் குரல்: "சிரிக்காதீங்க சார். அவ சொல்றது கரெக்ட்டு. ஒரு புள்ளி ஜாஸ்தி வெச்சதுக்கே என்ன ரெண்டு வருஷமா பாக்க மாட்டேன்றா."

அதிகாரியும் சிரித்தார், ஆனால் மறுநாள் டேப்போடு நேரில் வந்தார். பதினெட்டு அடிகூட வரவில்லை. அப்படியானால் போவது படி இல்லை, இரண்டு பக்கமும் பாதி பாதி வீடு. ஓவர்சியர் தலையைச் சொறிந்தார். அத்தனை வீட்டை இடிக்க முடியாதென்று சில மாதத்தில் கோடு எங்கள் தெருவை விட்டு விலகிவிட்டது. சரோஜா கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தாள்; எனக்கு மட்டும் இரண்டு கரண்டி.

விலகிய கோடு எங்கே போனது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கன்னியம்மா வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. தெருக்கோடியைத் தாண்டினால் அவளுடைய கொல்லை நிலம். மல்லாட்டை விளையும் செம்மண். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர். ஈர மண் வாசனையோடு கூடையைத் தலையில் சுமந்து வருவாள். அன்று படியால் அளந்து போட்டுக்கொண்டே சொன்னாள்: "உங்க ரெண்டு பேரு கோலத்துக்கு எடம் வேணும்னு எங்க கொல்லிய வழிச்சி உட்டுட்டீங்களேக்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வழக்கம்போலக் கொசுறாக ஒரு கைப்பிடி என் மடியிலும் போட்டாள். பிறகு மெதுவாக, "பொதங்கெழம கலெக்டர் ஆபீஸுக்கு என்ன கூப்ட்டிருக்காங்க. கூட வரியாக்கா? உனக்குப் பேச வரும்" என்றாள். வருகிறேன் என்றேன். அந்தப் புதன்கிழமை பெரியவளைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். வடை சுட்டேன், காபி கலந்தேன், மறந்தேபோனேன். கன்னியம்மா தனியாகப் போய், அவர்கள் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாளாம். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சாலை வந்தது. அவள் மகனோடு பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனாள் என்றார்கள். எங்கள் தெரு இருக்கிறது, வீடு இருக்கிறது. அந்தச் செம்மண் இல்லை, கொல்லைக் கிணறும் இல்லை. "மல்லாட்டேய்" என்று நீட்டிக் கூப்பிடும் குரலும் இல்லை. இப்போது கடலை வறுத்துப் பாக்கெட்டில் வருகிறது; எவர் கொல்லையில் விளைந்ததோ.

எழுத்துக் கூட்டி எழுதியதில் நாலு நாள் போய்விட்டது. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். இந்தா கண்ணு, உட்காரு, இதைப் படித்துக் காட்டு. சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள். கன்னியம்மா என்னைக் கூட வரச் சொல்கிற இடம் வந்தால் மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படி.