சட்டனுக்குப் போன நாற்பத்தொரு தட்டுகள்

2005 ஒக்டோபர் 8, சனிக்கிழமை. என் குறிப்புப் புத்தகத்தில் அன்றைய பதிவு இவ்வளவுதான்: "பெட்டி திரும்பி வந்தது. உள்ளே 41 இசைத்தட்டுகள். ஒன்றுகூட என்னுடையது அல்ல."

வழக்கமாக மழையா வெயிலா என்பதையும் எழுதுவேன். அன்று எழுதவில்லை. அவ்வளவு கோபம்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் தெற்கு லண்டனில், சட்டனில் இருக்கும் நண்பர். மலேசியத் தமிழர். படிக்க வந்து, பொறியியலாளராக இங்கேயே தங்கிவிட்டவர். நான் யாழ்ப்பாணத்தவன், கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். ஊர், பேச்சு, சாப்பாட்டில் போடும் தூள், எதிலும் எங்களுக்குள் ஒற்றுமை கிடையாது. இருபது வருடத்துக்கு மேலாக எங்களைச் சேர்த்து வைத்திருப்பது எண்பதுகளின் ஆங்கிலப் பொப் பாடல்கள். எங்களைப் போல இன்னும் நாலு பேர் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, தட்டுகளைச் சுழலவிட்டுப் பழைய கதை பேசுவோம். என் மனைவி இதற்கு வைத்த பெயர் பஜனை.

அந்த வருடம் பஜனைக் குழு ஒரு சிறு புத்தகம் போடத் தீர்மானித்தது. யார் யார் எந்தத் தட்டை, எங்கே, எப்போது வாங்கினோம் என்ற நினைவுகள். திகதிகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. படங்கள் அவருடையது. படமெடுக்கத்தான் ஜூலை மாதம் என் தட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

நான் லண்டனுக்கு வந்தது 1982 செப்டெம்பரில். பகலில் படிப்பு, மாலையில் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட், சனிக்கிழமை மட்டும் ஓய்வு. புதுத் தட்டு வாங்க வசதியில்லை. ஆனால் பப்களில் காசு போட்டால் பாடும் பெட்டிகள் இருந்தன. அந்த இயந்திரத்தில் பொருந்துவதற்காகத் தட்டின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து, சிறிய ஓட்டையைப் பெரிதாக்கிவிடுவார்கள். ஊருக்குப் பாட்டு அலுத்ததும் தட்டைக் கழற்றி விற்றுவிடுவார்கள். அவை பேப்பர்க் கடை வாசலில் காட்போர்ட் பெட்டிக்குள் வந்து விழும். மலிவு. வீட்டில் போடுவதென்றால் நடு ஓட்டைக்குள் சின்னப் பிளாஸ்டிக் துண்டொன்றை அழுத்திப் பொருத்த வேண்டும். என் நாற்பத்தொரு தட்டில் நாற்பது அந்த வகை.

வாங்கிய அன்றே, ஓட்டையைச் சுற்றி எஞ்சியிருக்கும் காகித வளையத்தில் நீலப் பேனாவால் பொடி எழுத்தில் எழுதுவேன். திகதி, கடை, அன்று நடந்த ஏதாவது ஒன்று. "1983 பெப்ரவரி 12. ஸ்டேஷன் பக்கத்துக் கடை. பரீட்சை பாஸ்." "1984 மார்ச் 3. அறை மாறினேன். ஹீற்றர் வேலை செய்யுது." குறிப்புப் புத்தகம் வைக்கத் தொடங்கியது 1987இல்தான். அதற்கு முந்திய நாலரை வருடத்துக்கு அந்தக் காகித வளையங்களே என் நாட்குறிப்பு. வேறு நகல் இல்லை. எடுத்திருக்க வேண்டும், தட்டே இருக்கும்போது நகல் எதற்கு என்று இருந்துவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது. மீதியை நான் ஏற்க மாட்டேன்.

ஒக்டோபர் 8 எனக்கு ஐம்பதாவது பிறந்தநாள். நண்பர் பெட்டியை மேசையில் வைத்தார். சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"ஹாப்பி பர்த்டே அண்ணே! தெறந்து பாருங்க லா."

திறந்தேன். பளபளவென்று தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் புதுப் பிளாஸ்டிக் உறை. நடுவில் ஓட்டை சிறியது. காகிதத்தில் ஒரு கீறல் இல்லை.

"என்ரை தட்டுகள் எங்கை?"

"இதாண்ணே உங்க தட்டு! அதே நாப்பத்தொண்ணு, அதே வரிசை. எல்லாம் புதுசு மாதிரி. மூணு மாசமா ரெக்கார்ட் சந்தை ஒண்ணு விடல. லீட்ஸ் வரைக்கும் போயிட்டேன்னா பாத்துக்குங்க."

"பழசு எங்கை எண்டு கேக்கிறன்."

"அதெல்லாம் நடு வெட்டினது. அதுக்கு மேல பேனா கிறுக்கல் வேற. படத்துக்கு வைக்க முடியுமா? எங்க வீட்டுப் பக்கத்துல பழைய சாமான் விக்கிற சாரிட்டி கடையில குடுத்துட்டேன்."

"எண்டைக்குக் குடுத்தனீர்?"

"போன மாசம் எப்பவோ."

"திகதி?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் கேக் வெட்டும் கத்தியோடு நின்றாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசன் ஆசையா அலைஞ்சு வாங்கிக்கொண்டு வந்திருக்கு. முதல்ல தாங்ஸ் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. விசாரணையைப் பிறகு வைக்கலாம்."

நான் நன்றி சொல்லவில்லை. இன்றுவரை அதற்காக வருந்தவும் இல்லை.

அவருடைய அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புதுத் தட்டுகள் பொய் சொல்கின்றன. நடு வெட்டாத தட்டு என்றால் என்ன பொருள்? பாட்டு வந்த வாரமே கடையில் வரிசையில் நின்று முழு விலை கொடுத்து வாங்கினேன் என்று பொருள். நான் வாங்கவில்லை. எங்களில் யாரும் வாங்கவில்லை. பெரிய தலைமயிர், பளபளக்கும் உடுப்பு, பட்டன் அமுக்கினால் மேளம் அடிக்கும் இயந்திரம் என்று எண்பதுகளைப் பற்றித் தொலைக்காட்சியில் வாராவாரம் காட்டுகிறார்கள். சரி, அவர்களுக்கு அது இருந்திருக்கலாம். எங்களுக்கு எண்பதுகள் மூன்று மாதம் பிந்தி வந்தன. ஊர் முழுக்கப் பாடிச் சலித்த பாட்டை, பெற்றோல் மணக்கும் கையோடு நாங்கள் அப்போதுதான் பாடத் தொடங்கினோம். கிறிஸ்மஸ் பாட்டு எனக்கு ஈஸ்டருக்குக் கிடைத்தது.

புத்தகத்துக்காக எங்கள் குழுவினர் எழுதித் தந்ததைப் பார்த்தால் ஆறு பேரில் நாலு பேர் "வெளிவந்த அன்றே வாங்கினேன்" என்கிறார்கள். ஒருவர் அப்படிச் சொல்லும் நாளில் அவர் கொழும்பில் இருந்திருக்கிறார்; விமானமே ஏறவில்லை. கேட்டால், "அண்ணை, இதென்ன ஹோம் ஒபிஸ் அகதி இன்டர்வியூவோ?" என்று சிரிக்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். பிந்தி வந்தோம் என்று சொல்வதில் என்ன வெட்கம்? அதற்குச் சாட்சியாக இருந்தவை என் வெட்டுப்பட்ட தட்டுகள். அவற்றைத்தான் நண்பர் அசிங்கம் என்று வெளியே போட்டிருக்கிறார்.

ஒக்டோபர் 11, செவ்வாய். லீவு எடுத்தேன். டிஸ்ட்ரிக்ட் லைன் சுரங்க ரயிலில் விக்டோரியா போய், அங்கிருந்து சட்டனுக்கு ரயில். நண்பர் ஸ்டேஷனில் காத்து நின்றார். அவர் முன்னால் நடந்து கடைக்கு வழி காட்டினார்.

கடையைப் பார்த்தவர் வயதான ஆங்கிலேயப் பெண்மணி. குழந்தைகளின் ஜிக்ஸோ புதிர் அடுக்குக்குக் கீழே ஒரு பெட்டியைக் காட்டினார். முழந்தாளிட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். என் கையெழுத்து. "பரீட்சை பாஸ்." "ஹீற்றர்." முப்பத்தெட்டு இருந்தன. நடு இல்லாத தட்டை யாரும் வாங்குவதில்லை என்றார் அந்தப் பெண்மணி. பிறகு, நல்லெண்ணத்தோடுதான், யாரோ காகிதத்தில் எழுதிப் பழுதாக்கியிருப்பதால் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார். குறைக்க வேண்டாம் என்றேன். நண்பர் பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

மூன்று இல்லை. அவற்றில் இரண்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மூன்றாவதுதான் நாற்பத்தொன்றில் நடு வெட்டாத ஒரே தட்டு.

1983 ஓகஸ்ட். கொழும்பில் இருந்த அண்ணையிடமிருந்தும் அண்ணியிடமிருந்தும் ஜூலைக் கடைசியில் கலவரம் தொடங்கியது முதல் ஒரு தகவலும் இல்லை. ஒரு சனிக்கிழமை காலை, நான் அறை எடுத்திருந்த வீட்டின் நடைக்கூடத் தொலைபேசி அடித்தது. "நாங்கள் இருக்கிறம்" என்றார் அண்ணை. லைன் அறுந்தது. அந்த இரண்டு சொல்தான். எனக்கு வீட்டுக்குள் நிற்க ஏலவில்லை. ஹை ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். ஒரு இசைத்தட்டுக் கடைக்குள் முதல்முறையாக நுழைந்து, அப்போதுதான் வந்திருந்த ஒரு பாட்டை முழு விலைக்கு வாங்கினேன். என் வாழ்க்கையில் நேரத்துக்கு வாங்கிய ஒரே பாட்டு அது. நடு வெட்டாத அந்தக் காகிதத்தில் எழுத இடம் தாராளமாக இருந்தது. திகதியும், கீழே "அண்ணை கதைச்சவர்" என்றும் எழுதினேன்.

நடு முழுசாக இருந்தபடியால் அது முதலிலேயே விற்றுப்போயிருக்கிறது. யார் வாங்கினார் என்று கடையில் தெரியாது. 1983இல் நான் அந்தத் தட்டை வாங்கிய கடை இப்போது சேலைக் கடை.

அந்த ஞாயிறு, இப்போது ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, எண்பத்துமூண்டிலை எனக்குக் கோல் எடுத்தனீங்கள், அது ஆறாந் திகதிச் சனியோ பதின்மூண்டோ?"

"முகாமிலை ரெண்டு கிழமைக்கு மேலை இருந்தம். அதுக்குப் பிறகுதான் எடுத்தன் எண்டு நினைக்கிறன்."

"அப்ப பதின்மூண்டு."

"உன்ரை அண்ணி சொல்லுறா, முகாமிலை இருக்கேக்கையே ஆரோ ஒரு வீட்டிலை இருந்து எடுத்தனான் எண்டு." பிறகு அவரே கேட்டார். "ஏன்ரா, நாங்கள் உயிரோட இருந்தது காணாதோ? உனக்குத் திகதியும் வேணுமோ?"

வேண்டும். அதைத்தான் அவருக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. இரண்டு வாரமா மூன்று வாரமா நான் அவர்களை இறந்தவர்களாக நினைத்து வாழ்ந்தேன் என்பது எனக்குத் தெரிய வேண்டும். அந்த ஒரு வாரத்தை எழுதி வைத்திருந்தேன். எழுத்து இருந்ததற்காகவே அதை எறிந்துவிட்டார்கள்.

நவம்பர் பஜனை எங்கள் வீட்டில். மற்றவர்கள் போன பின் நண்பர் மட்டும் இருந்தார்.

"அண்ணே, பெட்டியில வைக்கும்போது அந்தத் தட்டைப் பார்த்தேன். ஓட்டை சின்னதா இருக்கே, இதையும் குடுக்கணுமான்னு யோசிச்சேன்."

"எழுதியிருந்ததை வாசிச்சனீரோ?"

"ஆறுன்னு ஞாபகம். ஆனா பக்கத்துல ஒண்ணு இருந்திருக்கலாம் லா. சத்தியம் பண்ண மாட்டேன்."

பதினாறு செவ்வாய்க்கிழமை, அது இருக்க முடியாது. ஆறாக இருக்கலாம். பதின்மூன்றின் மூன்றை ஆறு என்று பார்த்த கண்ணாகவும் இருக்கலாம். எறிந்தவரே எனக்கு இருக்கும் ஒரே சாட்சி.

அவர் லீட்ஸிலிருந்து தேடிக்கொண்டு வந்த, அதே பாட்டின் புதுத் தட்டை உறையிலிருந்து எடுத்தேன். நீலப் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"ஐயோ அண்ணே, வேணாம்!"

எழுதினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புத்தகத்திலும் அதே வரிதான் போகிறது: 1983 ஓகஸ்ட் 6 அல்லது 13, சனிக்கிழமை. அண்ணை கதைச்சவர். திகதி இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.