ரெய்னர்ஸ் லேனில் நோட்டீஸ் போடப் போனேன்

இந்த வாரம் லண்டனில் எனக்குக் கிடைத்த வேலை, ரெய்னர்ஸ் லேன் பகுதியில் வீடு வீடாகப் பீட்சா கடை நோட்டீஸ் போடுவது.

இன்று காலை ஒரு வீட்டுக் கதவிலிருந்த தபால் துவாரத்தில் நோட்டீஸைத் தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் கதவு திறந்தது. என் அம்மா வயதுள்ள ஒருவர் மூச்சு வாங்க நின்றார்.

"தமிழோ தம்பி? கடிதம் ஒண்டும் இல்லையோ?"

"ஆமாம்மா, தமிழ்தான். ஆனா நான் தபால்காரன் இல்ல. நோட்டீஸ் போடுறேன்."

"என்ர மகன் வவுனியா முகாமில இருக்கிறான். கடிதம் போட்டிருக்கிறானாம் எண்டு ஆரோ சொன்னவை. கதவில சத்தம் கேட்டா ஓடி வாறன்."

பிறகு, "உங்கட அம்மா எங்க?" என்றார்.

"மதுரையில."

"அவவோட கதைக்கிறனீங்களோ?"

பேசி ஒரு மாதமாகிறது. ஆனாலும் தலையாட்டினேன்.

அந்தத் தெருவில் மீதி வீடுகளுக்கெல்லாம், துவாரத்தின் மூடியை விரலால் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் நோட்டீஸ் போட்டேன்.

இப்போது ஹாஸ்டலில், பன்னிரண்டு பேர் தங்கும் அறையில், மேல்கட்டிலில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறேன்.

'நான் நலம்' என்று எழுதி அரை மணி நேரமாயிற்று. அதற்கு அடுத்த வரியில் நீங்களெல்லாம் என்னதான் எழுதுவீர்கள்?