தண்ணி ஊத்தச் சொல்ல வந்தவுக

நாரணாபுரம் சர்ச்சுக்கு ஆஸ்திரேலியாவுல இருந்து ஒரு புருசன் பொண்டாட்டி ஊழியத்துக்கு வந்தாக. காலேஜ் லீவுல சும்மா கெடந்த நான்தான் மொழிபெயர்ப்பு. அந்தம்மா நர்ஸ். ஒல்லி உடம்பு, எந்நேரமும் சட்டைக்கைய முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டுக்கிட்டே இருப்பாக. பட்டாசுல கை சுட்டா பேனா மையத் தடவாதீக, தண்ணிய ஊத்துங்கன்னு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போற பொம்பளைககிட்ட சொல்லத்தான் அம்புட்டு தூரம் வந்திருந்தாக.

நம்மாளுக விட்டாத்தானே! எங்கன போனாலும் சால்வை, கேசரி, வரவேற்புரை. எனக்கே செம கடுப்பு.

கடைசி நாள் காலைல, கம்பெனி வேன் வர்றதுக்கு முன்னாடி பொம்பளைகள உக்கார வச்சாச்சு. சர்ச்சு செயலாளர் மைக்க விடவே இல்ல.

"நான் எப்ப பேசுறது?"ன்னு அந்தம்மா இங்கிலீஷ்ல கேட்டாக.

"அடுத்து நீங்கதான் மேடம்"னேன். அடுத்து பொருளாளர் சால்வையோட வந்தாரு.

வேன் ஹாரன் அடிச்சதும் பொம்பளைக ஓடுனாக. அந்தம்மாவும் கூடவே ஓடி ஏறிட்டாக. பின்னாடியே போன என் சட்டைய செயலாளர் பிடிச்சு இழுத்தாரு.

"ஏலே, எங்கன போற? நன்றியுரைய அந்தம்மா வீட்டுக்கார சாருக்கு இங்கிலீஷ்ல யாருலே சொல்றது?"

வேன் கெளம்பையில ஜன்னல் வழியா பாத்தேன். அந்தம்மா ஒரு அக்கா கையப் பிடிச்சு பாட்டில் தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தாக. விசயம் புரிஞ்சதா, இல்ல வெள்ளக்காரம்மா கை கழுவி விடுறாகன்னு அந்தக்கா நெனச்சிருச்சா, இன்னைக்கு வரைக்கும் தெரியல.